பிட்ஸ்பர்க்: பழைய கட்டடங்கள், மாறிய தரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், இங்கே படிக்க வரும் பிள்ளைகள், பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்காக வேறு மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் என்று பல பேரைப் பிட்ஸ்பர்க் சுற்றிக் காட்டக் கூட்டிப் போயிருக்கிறேன். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: இந்த ஊரில் ஒரு கட்டடத்தைப் பார்க்கும்போது அது நிற்கிற தரையையும் சேர்த்துப் பாருங்கள். பாதிக் கதை தரையில்தான் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் எங்கே இருக்கு? அந்த இடத்தில் ஏன் ஊர் வந்தது?

பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில். வடக்கிலிருந்து வரும் அலகேனி ஆறும் தெற்கிலிருந்து வரும் மொனாங்கஹேலா ஆறும் இங்கே கூடி ஒஹாயோ ஆறாகின்றன. படகுதான் பாதை என்றிருந்த காலத்தில் இந்தக் கூடுமுனை யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் மேற்கு நோக்கிய வழியும் இருந்தது. 1754-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே டுகேன் கோட்டையைக் கட்டினார்கள். 1758-ல் பிரிட்டிஷ் படை நெருங்கியபோது அவர்களே அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதன் பக்கத்தில் பிரிட்டிஷார் கட்டியது பிட் கோட்டை.

ஊர் வளரக் காரணம் நிலக்கரி. ஆற்றுக்குத் தெற்கே நிற்கும் மவுண்ட் வாஷிங்டன் மலைக்கு முன்பு 'கோல் ஹில்', அதாவது கரிமலை என்றே பெயர். கரியும் ஆறும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் முதலில் கண்ணாடி, பிறகு இரும்பு, அப்புறம் எஃகு என்று தொழில்கள் வந்தன.

ஊரிலேயே ரொம்பப் பழைய கட்டடம் எது?

பிட் கோட்டையின் பிளாக் ஹவுஸ், 1764-ல் கட்டியது. ஒரு சின்ன ஓட்டு வீட்டளவுதான் இருக்கும். சிலர் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்பார்கள். அருகில் போய்ச் சுவரில் ஓடும் மரச்சட்டங்களைப் பாருங்கள். துப்பாக்கி முனையை வெளியே நீட்டுவதற்காக வெட்டிய துளைகள் வரிசையாகத் தெரியும். கோட்டை போன பிறகு இதில் குடும்பங்கள் குடியிருந்தன. அதனால்தான் இது தப்பியது என்று நினைக்கிறேன். ஆள் புழங்கும் வீட்டை யாரும் லேசில் இடிப்பதில்லை.

1894-ல் நிலத்துக்குச் சொந்தக்காரரான மேரி ஷென்லி, இதை அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற பெண்கள் அமைப்புக்குக் கொடுத்தார். பிறகு ரயில் கம்பெனி அந்த இடத்தைக் கேட்டபோது அந்தப் பெண்கள் நீதிமன்றம் வரை போய்த் தக்கவைத்துக்கொண்டார்கள்.

முனையில் இருக்கும் பூங்காவும் கோட்டைக் காலத்திலிருந்தே இருக்கா?

இல்லை. வயதில் சின்னது. 1950 வரை அந்த இடம் முழுக்க ரயில் யார்டும் கிடங்குகளும்தான். நடுவில் பிளாக் ஹவுஸ் ஒன்று மட்டும் ஒடுங்கி நின்றது. 1950-ல் இடிக்கத் தொடங்கி, பூங்கா வேலை முடிந்து, நுனியில் இருக்கும் நீரூற்றைத் திறந்தது 1974-ல். 36 ஏக்கர் புல்வெளியும் மனிதர் போட்டதே. டுகேன் கோட்டையின் சுவர் ஓடிய எல்லைக்கோட்டைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளை அந்தக் கோட்டின்மேல் நடக்கவிடுங்கள், கோட்டை எவ்வளவு சிறியது என்று அவர்களே சொல்வார்கள்.

நீரூற்றுத் தண்ணீர் மூன்று ஆறுகளிலிருந்தும் எடுப்பதில்லை. பனிப்பாறைக் காலத்துச் சரளைப் படுகையில், ஊருக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர் அது. உள்ளூர்க்காரர்கள் அதை நாலாவது ஆறு என்பார்கள்.

பழைய போட்டோவில் பட்டப்பகலிலும் தெருவிளக்கு எரியுதே, நிஜமா அது?

நிஜம்தான். ஆலைகள், ரயில் எஞ்சின்கள், ஆற்றுப் படகுகள், வீட்டு அடுப்புகள் எல்லாமே கரியில் ஓடின. ஊர் பள்ளத்தாக்கில் இருப்பதால் புகை மேலே போக வழியில்லாமல் தங்கிவிடும். ஆபீஸ் போகிறவர்கள் மத்தியானம் மாற்ற இன்னொரு சட்டை எடுத்துப் போன காலம்.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1941-லேயே வந்தது. போரால் தள்ளிப்போய், 1946-ல் மேயராகப் பதவியேற்ற டேவிட் லாரன்ஸ் காலத்தில்தான் அமலுக்கு வந்தது. வீடுகளும் சேர்ந்துதான் மாற வேண்டியிருந்தது, பலரும் இயற்கை எரிவாயுவுக்குப் போனார்கள். ஆலைகள் மூடியதால்தான் வானம் வெளுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆலைகள் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே புகை பெருமளவு குறைந்துவிட்டது.

அப்படியென்றால் கட்டடங்களில் அந்தக் கரி இன்னும் இருக்குமே?

நிறையக் கட்டடங்களைக் கழுவிவிட்டார்கள். ஓக்லண்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கதீட்ரல் ஆஃப் லேர்னிங், 42 மாடி, 1926-ல் தொடங்கி 1937-ல் முடித்தது. பெயரில் கதீட்ரல் இருந்தாலும் வகுப்பறைகள் உள்ள கோபுரம்தான். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்து இதற்குச் செங்கல் 'வாங்கினார்கள்'. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் கறுத்துப்போனது. 2007-ல்தான் கழுவினார்கள். அந்தக் கறுப்பும் ஊரின் வரலாறு, அப்படியே விடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஓரத்தையாவது எல்லாக் கட்டடத்திலும் கழுவாமல் விட்டிருக்கலாம்.

உள்ளே நாடுவாரியாக அமைத்த வகுப்பறைகளில் இந்தியாவுக்கும் ஒன்று உண்டு. நாளந்தாவின் செங்கல் வேலையை மாதிரியாக வைத்து 2000-ல் திறந்தது.

கோர்ட் கட்டடம் அவ்வளவு பிரம்மாண்டம், வாசல் மட்டும் ஏன் பின்கட்டு வாசல் மாதிரி இருக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிரான்ட் தெருவில் நிற்கும் அலகேனி கவுண்டி நீதிமன்றம், எச். எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்தது. 1888-ல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1886-லேயே இறந்துவிட்டார். முரட்டுக் கருங்கல், உருண்டு திரண்ட வளைவுகள், பின்னால் பழைய சிறைச்சாலை, இரண்டையும் இணைக்கும் மூடிய கல்பாலம் என்று எல்லாமே கனமாக இருக்கும். ஆனால் நீங்கள் நுழைவது தாழ்ந்த, அடக்கமான கதவு வழியாக.

காரணம் தெருதான். அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது, ஊரில் அதை 'ஹம்ப்' என்றார்கள். குதிரை வண்டிகளுக்கும் பிறகு வந்த மோட்டார்களுக்கும் அது பெரிய தொல்லை. பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். 1912, 1913-ல் நடந்த கடைசி வெட்டில் தெரு சில இடங்களில் 16 அடி வரை இறங்கியது. கட்டடம் இருந்த இடத்திலேயே நின்றது, வாசல் அந்தரத்தில் போய்விட்டது. முதலில் வெளியே ஒரு பெரிய படிக்கட்டு போட்டார்கள். பிறகு தெருவை அகலப்படுத்தியபோது அதையும் எடுத்துவிட்டு, நிலவறையையே வாசலாக்கிவிட்டார்கள்.

எதிர்ப்புறம் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். கதவுகளுக்கு மேலே மூன்று பெரிய வளைவுகள் இருக்கின்றன. ரிச்சர்ட்சன் வரைந்த வாசல் அதுதான். இப்போது நீங்கள் நிற்கும் இடம் அன்றைக்குப் பூமிக்கு அடியில். அருகிலுள்ள ஃபிரிக் கட்டடத்திலும் இதே கதை. 1902-ல் கட்டியது, தெரு இறங்கியதும் அடித்தளம் தரைத்தளமாகிவிட்டது.

ரயில் நிலையத்தில் ஊர்ப் பெயரையே தப்பாகச் செதுக்கியிருக்காங்களே?

தப்பில்லை. 1891-ல் ஒரு மத்திய வாரியம் ஊர்ப் பெயர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பிட்ஸ்பர்க்கின் கடைசி 'எச்' எழுத்தை எடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு 1911-ல் திரும்ப வாங்கினார்கள். டேனியல் பர்ன்ஹாம் வடிவமைத்த இந்த நிலையம் இடைப்பட்ட காலத்தில் எழுந்தது. வண்டிகள் வந்து நிற்கும் வட்டக் கூரைக்குக் கீழே அந்த எழுத்தில்லாத பெயர் அப்படியே இருக்கிறது. மேல்மாடிகள் இப்போது குடியிருப்பு.

மலையேறுகிற அந்தச் சிவப்பு வண்டி டூரிஸ்டுகளுக்காகக் கட்டினதா?

பழனியில் விஞ்ச் என்போமே, அந்த வகைதான். ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்காக வந்தது. ஆலைகள் ஆற்றோரம், வீடுகள் மலைமேல், செங்குத்தான ஏற்றம். ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட இழுவைப் பாதைகள் இருந்தன. மிஞ்சியவை இரண்டு: 1870-ல் திறந்த மொனாங்கஹேலா, 1877-ல் திறந்த டுகேன். மலைமேல் குடியிருப்பவர்கள் இன்றும் இதில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

டுகேன் பாதை 1962-ல் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் பணம் திரட்டி மறு வருடமே ஓடவைத்தார்கள். மேல் நிலையத்தில் இயந்திர அறையைப் பார்க்காமல் வராதீர்கள். பெரிய பல்சக்கரத்தின் பற்கள் மரத்தால் ஆனவை. ஒரு பல் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம்.

அத்தனை எஃகு ஆலையும் எங்கே போச்சு? ஒன்றையும் காணோமே?

பெரும்பாலானவை 1980-களில் மூடின. நகரின் மக்கள்தொகை 1950-ல் 6,76,806, 2020-ல் 3,02,971. இடிந்த ஆலைகளைவிட இந்த இரண்டு எண்கள்தான் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

ஹோம்ஸ்டெட் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1892 ஜூலை 6-ல், வேலைநிறுத்தத்தை உடைக்கப் பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் படகுகளில் வந்து இறங்கி, தொழிலாளர்களோடு சண்டை மூண்டு உயிர்கள் போன இடம். ஆலை 1986-ல் மூடியது. 1999-ல் அங்கே வாட்டர்ஃபிரன்ட் என்ற கடைவளாகம் வந்தது. ஓர் ஓரத்தில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எஃகுக் கட்டிகளைச் சூடேற்றிய குழிகளின் புகைபோக்கிகள் அவை. படகுகள் கரை தொட்ட இடத்தில் இருந்த பம்ப் ஹவுஸும் மிச்சமிருக்கிறது. கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, அது எனக்கு வருத்தம்.

உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி ஒரு உலையாவது மிச்சம் இருக்கா?

இருக்கிறது. ஹோம்ஸ்டெட்டுக்கு எதிர்க்கரையில் கேரி உலைகள். இரும்பை இங்கே உருக்கி, கொதிக்கக் கொதிக்கப் பாலத்தின்மேல் ரயிலில் ஏற்றி ஹோம்ஸ்டெட்டுக்கு அனுப்பினார்கள். 1907-ல் கட்டிய 6, 7-ஆம் எண் உலைகள் இரண்டும் 92 அடி உயரத்தில் நிற்கின்றன. 2006-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பு கோடைக்காலத்தில் கூட்டிப்போய்க் காட்டுகிறது.

ஆலை கைவிடப்பட்டுக் கிடந்த 1990-களில் சில கலைஞர்கள் அனுமதி கேட்காமலே உள்ளே போய், அங்கே கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் வளைத்து மிகப் பெரிய மான் தலை ஒன்றைச் செய்து வைத்தார்கள். அது இன்னும் நிற்கிறது. துருவின் வாசனையும், கசிந்த மழைத்தண்ணீர் சொட்டும் சத்தமும், செங்கல் இடுக்கில் முளைத்த மரங்களுமாக அந்த இடம் இருக்கும். காலில் மூடிய ஷூ கட்டாயம்.

ஆற்றோரம் சில மேடுகளில் புல்லே சரியாக முளைக்கலையே, மலைதானே அது?

அது கசடு. உலையில் இரும்பு பிரிந்தபின் மேலே மிதக்கும் கல்லும் சுண்ணாம்புமான குழம்பு. கொப்பரை வண்டிகளில் கொண்டுபோய்ச் சரிவில் கவிழ்ப்பார்கள், கெட்டியாகிக் கல்லாகிவிடும். இரவில் கவிழ்க்கும்போது வானமே சிவக்கும். காரில் குடும்பத்தோடு வந்து நிறுத்திப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஃபிரிக் பூங்காவை ஒட்டிய நைன் மைல் ரன் ஓடைப் பள்ளத்தில் 1922 முதல் 1972 வரை கொட்டியதில் சுமார் 120 அடி உயரத்துக்கு மேடு எழுந்தது. இன்று அதன்மேல் சம்மர்செட் என்ற குடியிருப்பு இருக்கிறது. கீழே சாக்கடையாகிப்போன ஓடையைச் சீர்செய்யும் வேலை 2006-ல் முடிந்தது. வீட்டு வரிசையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடைக்கு இறங்கும் பாதையில் மண்ணைக் கையில் எடுங்கள். சாம்பல் நிறம், குமிழி குமிழியாக ஓட்டை, எடையும் மண்ணின் எடையாக இருக்காது.

வெஸ்ட் மிஃப்லினில் இன்னொரு கசடு மலையின்மேல் 1979-ல் செஞ்சுரி த்ரீ என்ற பெரிய மால் வந்தது. 2019-ல் அதுவும் மூடிவிட்டது.

டவுன்டவுனை ஒட்டி, ஹாக்கி அரங்கம் பக்கத்தில், அவ்வளவு பெரிய இடம் எப்படி வெறுமையாச்சு?

அங்கே ஓர் ஊரே இருந்தது. லோயர் ஹில் என்று பெயர். கறுப்பின மக்கள் அதிகம், அவர்களோடு இத்தாலியர், யூதர், சிரியர் எல்லாம் கலந்து வாழ்ந்த பகுதி. ஜாஸ் கிளப்புகள், கடைகள், தேவாலயங்கள். 1956-ல் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர், சுமார் 8,000 பேர், 400-க்கும் மேல் கடை கண்ணிகள். கறுப்பின மெதடிஸ்டுகளின் பெத்தேல் ஏ.எம்.இ. தேவாலயத்தையும் 1957-ல் இடித்தார்கள். மேலே சொன்ன பூங்காவும் புகைச் சட்டமும் எந்த மறுமலர்ச்சித் திட்டத்தின் பகுதியோ, இதுவும் அதே திட்டத்தின் பகுதி. ஒன்றைப் புகழ்ந்து மற்றதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

அந்த இடத்தில் 1961-ல் திறந்துமூடும் கூரையோடு சிவிக் அரீனா வந்தது. அதையும் 2012-க்குள் இடித்துவிட்டார்கள். அப்புறம் பல வருடம் பெரும்பகுதி கார் நிறுத்துமிடம். இப்போதுதான் மெல்லக் கட்டடங்கள் எழுகின்றன. நெடுஞ்சாலைப் பள்ளத்தின்மேல் மூடிபோட்டு அமைத்த ஃபிராங்கி பேஸ் பூங்கா 2021-ல் திறந்தது. 2023-ல் பெத்தேல் தேவாலயத்துக்கு ஒன்றரை ஏக்கர் திரும்பக் கொடுக்க ஒப்பந்தம் ஆனது.

இடிப்பு மலைமேல் இன்னும் ஏறாமல் நின்றதற்குக் காரணம் மக்கள். கிராஃபோர்ட் தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் முனையில், இதற்கு மேல் மறுசீரமைப்பு வேண்டாம் என்று 1960-களில் பெரிய பலகை வைத்தார்கள். அந்த முனைக்கு இன்று ஃப்ரீடம் கார்னர் என்று பெயர். இன்னும் மேலே போனால் பெட்ஃபோர்ட் அவென்யூவில் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் சிறுவயதில் வாழ்ந்த வீடு. 2022-ல் புதுப்பித்துத் திறந்தார்கள்.

தேசியப் பட்டியலில் சேர்த்துட்டா அப்புறம் இடிக்க முடியாதுதானே?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நம்புகிறார்கள். தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் இருப்பது மரியாதை, சில வரிச்சலுகைகளுக்கு வழி. மத்திய அரசுப் பணமோ அனுமதியோ வேண்டிய வேலை என்றால் ஆய்வு நடக்கும். தனியார் தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை இடிப்பதை அது தடுக்காது. தடுக்கும் பல் கொஞ்சமாவது இருப்பது நகரத்தின் சொந்தப் பட்டியலுக்குத்தான். வரலாற்று ஆய்வு ஆணையம் பார்க்க வேண்டும், நகர மன்றம் வாக்களிக்க வேண்டும். 2003 முதல் வழிபாட்டுக் கட்டடங்களை அதன் உரிமையாளர் மட்டுமே பரிந்துரைக்க முடியும் என்றும் விதி வந்தது.

அதுவும் முழுப் பாதுகாப்பு கிடையாது. வடகரையில் குரோஷியர்கள் கட்டிய செயின்ட் நிக்கோலஸ் தேவாலயம் நகரப் பட்டியலில் இருந்தது. இருந்தும் 2013-ல் இடிபட்டது. ஆற்றோரமாக மேலே போனால் மில்வேல் ஊரில் அதே பெயரில் இன்னொரு தேவாலயம் நிற்கிறது. மாக்ஸோ வாங்கா 1937-லும் 1941-லும் சுவரெல்லாம் ஓவியம் தீட்டியது இங்கேதான். ஒன்றில், வேலையில் இறந்த மகனைக் கிடத்தி முக்காடிட்ட தாய்மார்கள் சுற்றிக் குனிந்திருப்பார்கள். இந்த ஊரின் எஃகைப் பற்றி நான் பார்த்தவற்றில் இதைவிட உண்மையான படம் இல்லை.

தேவாலயத்துக்குள்ளே பீர் கடையாமே? இது சரியா?

லாரன்ஸ்வில்லில் செயின்ட் ஜான் தேவாலயம் மூடியபின், 1996-ல் அதை மதுக்கூடமாக்கினார்கள். பீடம் இருந்த இடத்தில் பீர் காய்ச்சும் கொப்பரைகள். சிலருக்கு மனசு ஒப்பாது, அது புரிகிறது. ஆனாலும் கூரையும் வண்ணக் கண்ணாடிகளும் நிற்கின்றன. முந்தின பதிலில் சொன்ன வடகரைத் தேவாலயத்தைப் பார்க்க இப்போது வழியே இல்லை. இரண்டில் ஒன்று என்றால், இன்னும் இடியாமல் நிற்கிற கட்டடத்தின் பக்கம்தான் நான்.

வீடுகளைக் காப்பாற்றினால் வாடகை ஏறி ஏழைகள்தானே வெளியே போகணும்?

நடக்கிற விஷயம்தான். அதை முன்கூட்டியே யோசித்தவர்கள் இங்கே இருந்தார்கள். 1964-ல் ஆர்தர் ஜீக்லரும் ஜேம்ஸ் வான் ட்ரம்பும் பிட்ஸ்பர்க் வரலாறு, சின்னங்கள் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இதே ஊரின் மான்செஸ்டர் பகுதியில், லிவர்பூல் தெருவில் திண்ணைவைத்த வீட்டு வரிசை ஒன்று இடிபடப் போகிறது என்று தெரிந்ததுதான் தூண்டுதல். குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் வீட்டைச் சரிசெய்வது என்பதுதான் அவர்களின் அடிப்படை யோசனை. எல்லா இடத்திலும் அது கைகூடவில்லை. லாரன்ஸ்வில்லில் இன்றைய வீட்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

சரி, இப்போது எஃகு செய்கிற இடம் ஒன்றுகூட இல்லையா?

உண்டு. நகருக்குக் கிழக்கே பிராடக்கில், எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1875-ல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்றும் இரும்பை உருக்குகிறது. பென் ஹில்ஸ் கோவிலிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். கோவிலுக்கு வருபவர்களை நான் திரும்பும் வழியில் அங்கே கூட்டிப்போவேன். பொதுச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். நீராவி எழுவதும் தெரியும், தரை லேசாக அதிர்வதும் தெரியும்.

அதே ஊரில் மேட்டின்மேல் ஒரு கல் கட்டடம் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னகி கட்டிய முதல் நூலகம், 1889-ல் திறந்தது. ஆலையிலிருந்து கரியோடு வரும் தொழிலாளி குளித்துவிட்டு மேலே போய்ப் படிக்கட்டும் என்று கீழ்த்தளத்தில் குளியலறைகள் வைத்துக் கட்டினார்கள்.